சந்தனம் வைத்த சர்வர்

அக்டோபர் 6

இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்தாயிற்று. இனி முடியாது. இந்த நிறுவனத்தில் எனக்கு நடப்பதை நாள்வாரியாக எழுதப் போகிறேன். எழுதி முடித்ததும் பொறியாளர்கள் கூடும் ஏதாவதொரு இணையதளத்தில் என் பெயர், பட்டம் எல்லாம் போட்டு வெளியிடுவேன். ஐயம்பெருமாள், எம்.டெக். யார் முட்டாள் என்பதைப் படிக்கிறவர்கள் முடிவு செய்யட்டும்.

முதலில் நிலவரம். கோயம்புத்தூரில், பீளமேட்டை ஒட்டிய ஒரு சந்தில், மருத்துவமனைகளுக்காக ஒரு சிறு பெட்டி செய்கிறோம். இரத்த வங்கியின் குளிர்பெட்டியில் அதை மாட்டுவார்கள். உள்ளே சூடு ஏறினால் அது அலறும். பணியில் இருப்பவரின் போனுக்கும் அழைப்பு போகும். வேறு வேலை அதற்குக் கிடையாது. ஆனால் அதில் ஒரு கோளாறு. மின்சாரம் அடுத்தடுத்துப் பல முறை போய் வந்தால் பெட்டி திகைத்துப்போய் அலறாமல் இருந்துவிடும். கோடையில் கண்டுபிடித்தார்கள். எங்கள் இளம் பொறியாளர் தாமரைச்செல்வி அதைச் சரிசெய்து எழுதிவிட்டாள். நன்றாகவே எழுதியிருக்கிறாள், மறுக்கமாட்டேன். மழைக்காலம் தொடங்குவதற்குள் அந்தத் திருத்தம் எல்லாப் பெட்டிகளுக்கும் போய்ச் சேரவேண்டும்.

போகவில்லை. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்ததிலிருந்து பில்ட் சரியில்லை. மனிதர் எழுதிய நிரலைப் பெட்டி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதுதான் பில்ட். மூன்றாம் மாடியில் ஒரு பழைய சர்வரில் அது நடக்கும். இன்று நாகப்பட்டினத்தில் ஒரு பெட்டிக்குச் சோதனையாக அனுப்பிப் பார்த்தார்கள். தேவையான லைப்ரரி வெர்ஷன் இல்லை என்று ஒரு வரி காட்டிவிட்டுப் பெட்டி படுத்துவிட்டது. அங்கிருக்கும் ஊழியர் பழைய மென்பொருளையே திரும்பப் போட்டு எழுப்பியிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அக்டோபர் 7

நேற்றுச் சிரிப்பு வந்ததற்குக் காரணம் எழுதவேண்டும், இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் என்னைக் கொடியவன் என்று நினைப்பார்கள்.

எந்த நிரலும் தனியாக ஓடாது. அடியில் சிஸ்டத்தின், அதாவது இயங்குதளத்தின், லைப்ரரி என்று ஒரு பொதுநிரல் தொகுப்பு தாங்கிக்கொண்டிருக்கும். எங்கள் பெட்டிகளில் இருப்பது மிகப் பழைய லைப்ரரி. மாற்றப் பெட்டியில் இடமும் கிடையாது, சக்தியும் கிடையாது. புதிய லைப்ரரியை வைத்துக் கட்டிய நிரல் அதில் ஓட மறுக்கும். இந்த ஊர்ப் பட்டறைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், போல்ட்டுக்குப் புது மரை போட்டுவிட்டார்கள், நட்டு பழையது.

அப்படியென்றால் இத்தனை வருடம் எப்படி ஓடியது? என்னால் ஓடியது. சர்வரின் சிஸ்டம் புதியதுதான். ஆனால் பெட்டிகளில் இருக்கும் பழைய சிஸ்டத்தை அப்படியே முழு நகல் எடுத்து, ஒரே ஃபைலாக அந்த சர்வரில் வைத்திருக்கிறேன். அந்த ஃபைலை ஒரு ஃபோல்டரில் இணைத்தால் அதற்குள் பழைய சிஸ்டம் விரியும். பில்ட் அதற்குள் போய் நடக்கும். சர்வரை அணைத்தால் இணைப்பு போய்விடும். திரும்பக் கையால் இணைக்கவேண்டும். ஒரே ஒரு கட்டளை. இணைக்க மறந்தால் ஃபோல்டர் காலியாகக் கிடக்கும். பில்ட் சத்தமே போடாமல் சர்வரின் புதிய லைப்ரரியை எடுத்துக்கொள்ளும்.

சர்வர் எழும்போதே தானாக இணையும்படி செய்திருக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். செய்யலாம். அதற்கு ஒரு வரி சேர்க்கவேண்டும். எனக்கு எப்போது நேரம் கொடுத்தார்கள்?

முன்பு இரண்டு முறை அந்த சர்வர் அணைந்தது. இரண்டு முறையும் எனக்குக் கீழே வேலை பார்த்த நவநீதன் என் மேசைக்கு ஓடிவந்து, "சார், நீங்க வந்தாத்தான் ஆகும்" என்று நின்றான். அதன்பின் நான் அதை யாரையும் தொட விட்டதில்லை. ஆயுத பூஜைக்குக்கூட நின்ற இடத்திலேயே பொட்டு வைத்துவிட்டுப் போவார்கள். ஜூன் மாதம் என்னை அங்கிருந்து எடுத்து ஆவணப் பிரிவில் போட்டார்கள். இந்த வருடம் சர்வரை அணைத்து, கீழே கூடத்துக்குத் தூக்கிவந்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றி, அரிவாள்மனையும் ஸ்பேனரும் இருந்த பலகையில் வைத்துக் கும்பிட்டார்கள். கருவிகளுக்கு அன்று ஓய்வு என்பது முதலாளி தாமோதரசாமியின் குடும்ப வழக்கம்.

யாரும் என்னைக் கேட்கவில்லை.

அக்டோபர் 8

இன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 9

நவநீதனைப் பற்றி. என்னிடம் பயிற்சிக்கு வந்தவன். இன்று பிரிவின் தலைவனாக என் அறையில் இருக்கிறான், தலை சாய்க்கும் பலகை வைத்த என் நாற்காலியில். எனக்கு ஒரு பக்கம் கை இல்லாத நாற்காலி. இடது முழங்கையை எங்கே வைப்பது என்று ஜூன் மாதத்திலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்கமாட்டேன். அவன் கண்ணில் படவில்லையா?

இன்று தண்ணீர் பிடிக்கப் போவதுபோல் கண்ணாடி அறைப் பக்கம் நடந்தேன். கதவு சாத்தவில்லை. உள்ளே நவநீதனின் குரல்.

"ஏம்மா, போன மாசம் வந்த பில்டு இந்த மாசம் வர்லீன்னா என்ன அர்த்தம்?"

"அதானுங்க சார் எனக்கும் புரியல. புரோகிராமும் மாறலீங்க, மெஷினும் மாறலீங்க."

"அப்பறம் என்ன, பேய் புடிச்சிருச்சா?"

"பூஜை போட்டதுக்கப்பறம் பேய் எப்டீங்க சார் புடிக்கும்?" என்றாள் தாமரைச்செல்வி. உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் கடைசியில் சிரிப்பை நிறுத்தியவளும் அவள்தான். தாராபுரத்துப் பெண். சேர்ந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. என் வேலையைத்தான் பார்க்கிறாள்.

பூஜை என்ற சொல்லை அவளே சொல்லிவிட்டாள். அதற்கு அடுத்த படி ஏறியிருந்தால் போதும். ஏறவில்லை. தண்ணீர் பாட்டிலை நிரப்பாமலே திரும்பிவந்தேன்.

மத்தியானம் வேலை ஓடாமல் அலுவலகத்தின் கருத்துப் பலகையைத் திறந்து பார்த்தேன். ஊழியர்கள் யார் வேண்டுமானாலும் பெயர் போடாமல் எழுதலாம் என்று நிர்வாகம் வைத்திருக்கும் பக்கம் அது. இரண்டாம் மாடிக் கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறதாம். சாம்பாரில் பருப்பைக் காணோமாம். யாரோ ஒருவர் மின்தூக்கியில் வெங்காய வாடை என்று மூன்றாவது முறையாக எழுதியிருக்கிறார். பெயர் போடத் துணிவில்லாதவர்கள் எழுதுவதை நான் மதிப்பதில்லை.

அக்டோபர் 11

சனிக்கிழமை. தீபாவளிக்குத் துணி எடுக்க மனைவி வடிவோடு ஒப்பணக்காரத் தெருவுக்குப் போனேன். கடையில் என்னால் நிற்க முடியவில்லை. சட்டை ஒன்றை என் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, "எங்க பாக்குதீய? கண்ணாடி இங்கல்லா இருக்கு" என்றாள்.

திரும்பும்போது பேருந்தில் கேட்டாள். "இன்னைக்கு வரைக்கும் கேக்கலையாக்கும்?"

"யாரு?"

"ஒங்க நவநீதன்தான். சோத்துல கைய வச்சிக்கிட்டு அவன் பேரச் சொல்லிப் பொலம்புதீய, எனக்குக் காது இல்லையா?"

விஷயத்தை மேலோட்டமாகச் சொன்னேன். சர்வர், லைப்ரரி, வெர்ஷன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். ஒங்களுக்குச் சரி பண்ணத் தெரியுமா, தெரியாதா?"

"அது அப்படி நேராகச் சொல்கிற விஷயம் இல்லை."

"தெரியுதுல்லா? அப்பம் போய்ச் சொல்ல வேண்டியதுதான. எங்க அண்ணன் வீட்டுப் பால்காய்ச்சுக்கும் இப்படித்தான். ஒங்களக் கூப்பிடுததுக்கு முன்னாடி எதுத்த வீட்டுக்காரரக் கூப்பிட்டுட்டான்னு மூணு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தீய. அவரு எதுத்த வீட்டுல இருக்காரு, மொதல்ல கண்ணுல பட்டாரு, அண்ணன் கூப்பிட்டான். அவ்வளவுதான்."

அது அவ்வளவுதான் இல்லை. அவளுடைய அண்ணனுக்கு நான் யார் என்று தெரியும். தெரிந்தும் எதிர்வீட்டுக்காரரை முதலில் கூப்பிட்டார். இதெல்லாம் வடிவுக்குப் புரியாது.

அக்டோபர் 13

இன்று தாமரைச்செல்வி என் மேசைக்கு வந்தாள். நான் ஒரு பயனர் கையேட்டில் நிறுத்தற்குறி திருத்திக்கொண்டிருந்தேன். எம்.டெக். படித்தவன் செய்கிற வேலை.

"சார், ஒரு நிமிசம் இருக்குங்களா?"

"சொல்லும்மா."

"எல்லாம் பண்ணிப் பாத்துட்டேனுங்க சார். பழைய லைப்ரரிய நெட்ல இருந்து எடுத்து சர்வர்ல போட்டேன், சர்வரே படுத்துருச்சு. திரும்ப எழுப்பறதுக்கு ஒரு நாள் ஆச்சு. அப்பறம் லைப்ரரியவும் நிரலோட சேத்து ஒரே கட்டாக் கட்டிப் பாத்தேன். போன் போடற பகுதி ஒத்துக்க மாட்டீங்குது."

ஒத்துக்கொள்ளாது. போனில் அழைக்கும் பகுதியை வேறொரு நிறுவனம் முடித்த வடிவில் கொடுத்தது. அந்த நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். அது பெட்டியில் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட லைப்ரரியோடு மட்டும்தான் சேரும், இணையத்தில் கிடைக்கிற எதோடும் சேராது. என் நகலில் மட்டும்தான் அது இருக்கிறது. அவள் சரியான வரிசையில்தான் தேடிக்கொண்டு வருகிறாள்.

"அப்பறம் 'பழசு'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்குதுங்க சார், சர்வர்ல. உள்ள ஒண்ணுமே இல்ல. அது என்னதுங்க?"

காது சூடானது. கையேட்டைப் பார்த்தபடியே சொன்னேன்: "ஒண்ணுமே இல்லைன்னா ஒண்ணும் இல்லைதானேம்மா."

அவள் மரியாதைக்குச் சிரித்தாள். "இல்லீங் சார், காலி ஃபோல்டருக்கு யாராச்சு பேரு வச்சிருப்பாங்களா, அதான் கேட்டேன்."

"நவநீதன் கேட்டுவரச் சொன்னானா?"

"இல்லீங்க. நானாத்தான் வந்தேன். சாரைத் தொந்தரவு பண்ணாதன்னுதான் சொன்னாரு."

தொந்தரவு. அந்தச் சொல்லைக் கேட்டதும் மனதில் திறக்க இருந்த ஏதோ ஒன்று மூடிக்கொண்டது. பழைய குறிப்புகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது என் நாற்காலியைப் பார்த்துவிட்டு, "சார், இதுக்கு ஒரு கை இல்லீங்களே, எங்க ரூம்ல ஒண்ணு சும்மாக் கெடக்குது, அனுப்பட்டுங்களா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

என்னிடம் பழைய குறிப்புகள் எதுவும் கிடையாது. அந்தக் கட்டளையை நான் எங்கும் எழுதி வைத்ததில்லை.

அக்டோபர் 15

டெல்டாவில் மழை தொடங்கிவிட்டதாகச் செய்தி. இங்கே வெயில். காலையிலிருந்து மூன்றாம் மாடிக்கு நான்கு தடவை ஏறி இறங்கினேன். கேட்டால் தேநீருக்கு என்று சொல்ல நினைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. சர்வரின் முகப்பில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. துடைக்கவில்லை யாரும்.

அக்டோபர் 16

அவன் வருவான். வரும்போது அவனை உட்காரச் சொல்வேன். முதலில் கேட்பதை முழுக்கக் கேட்பேன். பிறகு, "ஜூன் மாதம் இதைக் கேட்டிருக்கலாமே நவநீதா" என்பேன். குரலை உயர்த்தமாட்டேன். அதன்பிறகு எழுந்து போய், அவன் பார்க்க, அந்த ஒரு வரியை அடிப்பேன். சில வினாடிகள்தான். எல்லோரும் அங்கே நிற்கவேண்டும்.

குளிக்கும்போது, பல் தேய்க்கும்போது, சாலையைக் கடக்கும்போது இதையே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்று ஒரு மோட்டார் சைக்கிள்காரன் திட்டிவிட்டுப் போனான்.

அக்டோபர் 17

காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நாகப்பட்டினத்திலிருந்து சகாயராஜ் அழைத்தார். அந்த மாவட்டத்துப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் ஊழியர். தொடக்க காலத்தில் அங்கே நானும் அவருமாகத்தான் பெட்டிகளை மாட்டினோம்.

"சார், ஆபீஸ்ல யாரும் எடுக்கல, அதான் ஒங்களுக்குப் போட்டேன். நேத்து பூரா மழ. கரண்டு போறதும் வர்றதுமா இருந்துச்சு. ஜெனரேட்டரும் நின்னு நின்னு ஓடுச்சு. பெட்டி கம்முனு இருந்துருக்கு சார். காலையில நர்ஸம்மா வந்து ஃப்ரிட்ஜத் தொறந்தா உள்ள வெதுவெதுன்னு இருக்கு."

"எல்லாமா?"

"அடித்தட்டு வரைக்கும் போச்சு சார். போன ஞாயித்துக்கெழம நம்ம குப்பத்துப் பசங்க, வாலிபால் டீம், மொத்தமா வந்து குடுத்த ரத்தம். நான்தான் சார் நின்னு ஜூஸ் வாங்கிக் குடுத்தேன். அம்புட்டையும் கழிவு போடுற மஞ்சப் பையில போட்டுக் கட்டி ஓரமா வச்சிருக்காங்க."

நான் ஏதோ கேட்க நினைத்து, "யாருக்காவது..." என்று நிறுத்திவிட்டேன்.

"ஒரு பொண்ணு சார், பிரசவத்துக்கு வந்தது. ரத்தம் வேணும்னுட்டாங்க. இங்க இல்லன்னு ஆம்புலன்ஸ்ல தஞ்சாவூருக்கு ஏத்தி விட்டுட்டாங்க. மழையில போயிருக்கு. அது புருசன் ஏறுறதுக்கு முன்னாடி என்னையப் பாத்துக்கிட்டே நின்னான் சார். நாந்தான பெட்டிக்காரன்." மூக்கை உறிஞ்சினார். "அந்தப் புது சாஃப்ட்வேரு எப்ப சார் வரும்? வந்துருந்தா அலறியிருக்கும்ல?"

"பார்க்கிறேன்" என்றேன்.

வடிவு தோசைத் தட்டோடு நின்றிருந்தாள். "யாரு?" என்றாள். அலுவலகம் என்றேன். சாப்பிடாமல் கிளம்பினேன்.

அலுவலகத்தில் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மத்தியானம் நவநீதன் வந்தான். நேராக என் மேசைக்கு. எழுந்து நிற்கப் போய், என் பதவியை நினைத்து உட்கார்ந்துகொண்டேன்.

"உட்கார் நவநீதா."

"இருக்கட்டுங்க சார். உங்ககிட்ட ஒரு உதவி வேணுமுங்க."

இத்தனை நாள் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. "சொல்லு."

"ஆஸ்பத்திரிக்கு ஒரு லெட்டர் போடோணும். அப்பறம் சகாயராஜுக்கு ஒரு மெமோ. மழைன்னு தெரியுமில்ல, அவரு போயி பெட்டிய ஒருக்கா அணைச்சுப் போட்டிருக்கோணும், போடல. அப்படியே எழுதிருங்க. நம்ம ஆபீஸ்ல உங்க இங்கிலீஷ் மாதிரி யாருக்கும் வராதுங்க சார்."

மேசையில் விரித்திருந்த கையேட்டை மூடினேன். பிறகு நானே கேட்டேன். "பில்ட் என்ன ஆச்சு?"

"அதை விட்டுத்தள்ளுங்க சார். மெட்ராஸ்ல இருந்து ஒரு டீம் வருது. மொதல்ல இருந்து புதுசாப் பண்ணித் தர்றாங்களாம். பொங்கலுக்குள்ள முடிச்சிரலாம்னாங்க. அந்தப் பழைய சர்வரைப் புதன்கிழமை அழிச்சுட்டு அவங்க கையில குடுத்தரலாம்னு இருக்குது. உள்ள பேரு ஊரு இல்லாம பெரிய பெரிய ஃபைலாக் கெடக்குது, குப்பை."

"பொங்கல் வரைக்கும் மழை பெய்யுமே."

"மழைக்கு நாம என்னங்க சார் பண்றது?" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனான். என் நாற்காலி இங்கிருந்து பார்த்தால் தெரிகிறது.

மெமோவை எழுதினேன். ஆங்கிலம் நன்றாக வந்திருக்கிறது. கவனக்குறைவு என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, அதே பொருளை மூன்று வாக்கியங்களில் இறக்கியிருக்கிறேன். இரண்டாவது வாக்கியத்தில் எனக்குக் கொஞ்சம் திருப்திகூட வந்தது. வந்தது, அதனால் எழுதுகிறேன்.

அக்டோபர் 18

மெமோ எங்கே என்று நவநீதன் போனில் கேட்டான். இன்னும் மெருகேற்ற வேண்டும் என்றேன்.

அக்டோபர் 19

சகாயராஜின் எண்ணை எடுத்தேன். அந்தப் பெண் தஞ்சாவூரில் எப்படி இருக்கிறாள் என்று கேட்கலாம். அவருக்குத் தெரிந்திருக்கும். எடுத்து, வைத்துவிட்டேன்.

அக்டோபர் 20

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டை போட்டு, இட்லி சாப்பிட்டு, பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. தொலைக்காட்சியை வடிவு அணைத்துவிட்டாள். நான் பார்க்கவில்லையாம், சானலை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறேனாம்.

பதினோரு மணிவாக்கில் தாமரைச்செல்வி அழைத்தாள். "சார், தீபாவளி வாழ்த்துங்க. வீட்டம்மாவுக்கும் சொல்லிருங்க." பின்னால் ஒரே சீராக ஒரு இரைச்சல். அந்த மின்விசிறியின் சத்தம் எனக்குத் தெரியும்.

"ஆபீஸிலா இருக்கே?"

"ஆமாங்க சார். ஊருக்குப் போகல. எங்கம்மா கோவிச்சுக்கிச்சு. நாளன்னைக்கு இதை அழிச்சிருவாங்கல்ல, அதுக்குள்ள ஒருக்கா பாத்தர்லாம்னு. வாட்ச்மேன் அண்ணன் அதிரசம் குடுத்தாரு, தின்னுட்டு பாத்துட்டிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "சகாயராஜ் அண்ணனுக்கு மெமோ போடறாங்களாமுங்க. நான் முன்னாடியே முடிச்சிருந்தா இது ஆயிருக்காதுல்லீங்க?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரே வரி. சொல்ல வாயெடுத்தேன். சொன்னதும் அவள் என்ன கேட்பாள் என்பது காதில் விழுந்தது: இது உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க சார்? கோபமாகக்கூடக் கேட்கமாட்டாள். "வீட்டுக்குப் போம்மா, பண்டிகை நாள்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வடிவு பலகாரத் தட்டைக் கீழே வைத்தாள். "அந்தப் பிள்ளையா?"

"ம்."

"அழுதாளா?"

"இல்லை."

"பெறகு நீங்க ஏன் இப்படி இருக்கீய?"

தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து ஒடித்தேன். அவள் விடவில்லை. "ஒங்கள யாரும் மதிக்கலன்னு சொல்லுதீய. சரி, மதிக்கலன்னே வச்சுக்கிடுவோம். அந்தப் பிள்ளை ஒங்களுக்கு என்ன பண்ணுச்சு?"

மேலே 7ஆம் தேதி, யாரும் என்னைக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். அதைத் துல்லியமாக எழுதவில்லை. பூஜையன்று கூடத்தில் நான் பொரித் தட்டோடு நின்றிருந்தேன். தாமரைச்செல்வி சந்தனக் கிண்ணத்தோடு மாடியிலிருந்து இறங்கி என்னிடம்தான் வந்தாள். "சார், சர்வரை ஆஃப் பண்ணிக் கீழ கொண்டுவரச் சொல்றாங்க. நீங்க எப்பவுமே வேண்டாம்பீங்களே, பண்ணலாமுங்களா?" என்றாள். நவநீதன் பக்கத்திலேயே நின்றிருந்தான். அவன் காதில் விழவேண்டும் என்றுதான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்: "இப்போ அது என் பிரிவு இல்லையேம்மா. அவரைக் கேளு." அவன் தலையாட்டினான். அவள் போனாள். ஐந்து நிமிடத்தில் இரண்டு பேர் சர்வரைச் சுமந்துகொண்டு படியிறங்கினார்கள். நான் பொரியில் கடலையைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தேன்.

ஆனால் தட்டும் கையுமாக நிற்கிறவனிடம் போகிறபோக்கில் கேட்பதெல்லாம் கேட்பதாகுமா?

எழுதியபின் இந்த வரியைப் பல தடவை படித்துப் பார்த்தேன்.

அக்டோபர் 21

மழை இங்கேயும் வந்துவிட்டது. நேரத்தோடு அலுவலகம் வந்தேன். கூட்டிப் பெருக்குகிறவர்கள் தவிர யாரும் வரவில்லை. மூன்றாம் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். என் நுழைவு உரிமையை ஜூன் மாதமே எடுத்துவிட்டார்கள், சர்வர் என்னை உள்ளே விடாது. எடுத்தபோது எனக்கு ஆத்திரமாக இருந்தது. இன்றும் ஆத்திரம்தான், ஆனால் நானே சத்தமில்லாமல் இணைத்துவிட்டுப் போகிற வழியும் இல்லாமல் போயிற்றே என்கிற ஆத்திரம். யாரிடமாவது சொல்லித்தான் ஆகவேண்டும். நாளைக் காலையில் ஃபைலை அழித்துவிடுவார்கள். அதற்கு வேறு நகல் கிடையாது.

நவநீதனிடம் போய்ச் சொல்வதாக ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். அவன் உட்கார்ந்திருக்கிறான், நான் நிற்கிறேன். "அடேங்கப்பா சார், இது எப்பத் தெரியும் உங்களுக்கு?" இன்றுதான் என்று சொல்லலாம். 13ஆம் தேதி அந்தப் பெண் காலி ஃபோல்டரைப் பற்றிக் கேட்டதை அவன் மேசையில் அவளே சொல்லிவிடுவாள், பொய் சொல்லத் தெரியாதவள்.

இங்கே வந்து உட்கார்ந்து எழுதினேன். முதலில் எழுதியது நீளமாக வந்தது. என் நாற்காலி, ஜூன் மாதம், என்னிடம் யார் எதைக் கற்றார்கள், எல்லாம் வந்தது. அழித்தேன். இரண்டாவதிலும் நாற்காலி வந்தது. மூன்றாவது இதுதான்:

"பில்ட் சர்வரின் இரண்டாவது டிஸ்கில் இருக்கும் மிகப் பெரிய ஃபைலை அழிக்கவேண்டாம். பெட்டிகளில் உள்ள பழைய சிஸ்டத்தின் முழு நகல் அது. அதை 'பழசு' ஃபோல்டரில் இணைத்துவிட்டு பில்ட் செய்தால் சரியான லைப்ரரி கிடைக்கும். கட்டளை கீழே. ஆயுத பூஜைக்கு சர்வரை அணைத்ததால் இணைப்பு போய்விட்டது. இனி அணைத்தாலும் தானாக இணைய, தொடக்கப் பட்டியலில் சேர்க்கவேண்டிய வரி அதற்கும் கீழே. திருத்திய நிரலில் தவறு எதுவும் இல்லை. நாகப்பட்டினத்தில் நடந்ததற்கு அங்கிருக்கும் ஊழியர் காரணம் அல்ல."

தொடக்கப் பட்டியலில் சேர்க்கவேண்டிய வரியை எழுத அரை நிமிடம் ஆயிற்று.

மெமோவை அழித்துவிட்டேன். ஆங்கிலம் சரியாக வரவில்லை, வேறு யாரையாவது எழுதச் சொல் என்று நவநீதனிடம் சொல்லப்போகிறேன். நம்பமாட்டான்.

இணையதளத்தில் என் பெயரும் பட்டமும் போட்டு வெளியிடுவதாக முதல் பக்கத்தில் எழுதியிருந்ததை இப்போது திரும்பப் பார்த்தேன். இந்த நாட்குறிப்பு எங்கும் போகாது. போகப்போவது மேலே உள்ள அந்தச் சில வரிகள் மட்டும், அதுவும் அலுவலகத்தின் கருத்துப் பலகைக்கு. படித்தால் எழுதியது யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. தாமரைச்செல்விக்குத் தெரிந்துவிடும். சந்தனக் கிண்ணத்தோடு தான் யாரிடம் போய்க் கேட்டோம் என்பது அவளுக்கு ஞாபகம் இருக்கும். என்னிடம் வந்து எதுவும் கேட்கமாட்டாள் என்று நினைக்கிறேன். கேட்டால் நல்லது என்றும் ஒரு பக்கம் இருக்கிறது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பலகையைத் திறந்து வைத்திருக்கிறேன். கடைசியாக இருப்பது விடுமுறைக்கு முன் யாரோ எழுதியது: சாம்பாரில் இன்றும் பருப்பு இல்லை. எழுதியவர் பெயர் போடவில்லை. அதற்குக் கீழே என் வரிகளை ஒட்டிவிட்டேன். பெயர் என்ற கட்டத்தில் முன்பே அடித்துவைத்திருந்த எம்.டெக்.கையும் ஐயம்பெருமாளையும் ஒவ்வொரு எழுத்தாக அழித்தாயிற்று. கட்டம் காலி. இப்படியே அனுப்புகிறேன்.